கையில் ஏற்றிய ரத்தம்

வத்தல்மலைச் செல்லனுக்கும் இண்டூர் அர்ச்சுனனுக்கும் பழக்கம் உண்டானது மாடுகளால். சித்திரை பிறந்து கீழே புல் கருகியதும் அர்ச்சுனன் தன் மாடுகளை மலைக்கு ஓட்டி வருவான். முதல் மழை இறங்கும்வரை அவை செல்லனின் பட்டியில் கிடக்கும். மாட்டை விட்டுவிட்டு உடனே திரும்புகிறவன் இல்லை அர்ச்சுனன். நாலைந்து நாள் தங்குவான். செல்லனின் மனைவி கருப்பி சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆக்கினால், அடுப்பங்கரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து விரலை நக்கித் தின்பான்.

"எங்க வூட்டுல இந்த ருசி வராது கருப்பி. தண்ணியா, கையா, என்னான்னே தெரியல" என்பான்.

செல்லன் புளியும் தேனும் சுமந்து இண்டூருக்கு இறங்கினால் அர்ச்சுனன் வீட்டில்தான் தங்குவான். அங்கே அவனுக்கு இலை மாட்டுக்கொட்டகையில் விழும். ஆனால் அர்ச்சுனன் தன் இலையையும் கையோடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிடுவான். இரண்டு பேரும் மாடுகள் அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டு பேசிச் சாப்பிடுவார்கள். அதனால் தன்னை வெளியே உட்காரவைக்கிறார்கள் என்ற நினைப்பே செல்லனுக்கு வந்ததில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், புளி உலுக்கும் காலத்தில், அர்ச்சுனனை அவனுடைய சொந்தக் காளையே குத்திவிட்டது. ஏரில் பூட்டப் போனவனைத் தலையைத் தாழ்த்தி ஒரே தூக்கு. கொம்பு தொடையின் உள்பக்கம் இறங்கியிருந்தது. அன்றைக்குப் புளிக்கூடையோடு வந்திருந்த செல்லன்தான் முதலில் ஓடினான். தலைத்துண்டை அவிழ்த்துக் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினான். அப்படியும் ரத்தம் பீறிட்டது. முஷ்டியை மடக்கிக் காயத்துக்குள்ளேயே வைத்து அழுத்தினான்.

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் ஒன்று அந்த வழியாக வந்தது. அர்ச்சுனனின் அண்ணன் மாரியப்பன் குறுக்கே நின்று அதை நிறுத்தினான். இரும்பு உலை புகைய, மேட்டில் முக்கி முனகி அது தர்மபுரி போய்ச் சேரும்வரை செல்லன் கையை எடுக்கவில்லை. அர்ச்சுனனின் மனைவி பாஞ்சாலி புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, கைய எடுத்துராதீங்க, எடுத்துராதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஊருக்கு வெளியே இருந்த சிறிய ஆஸ்பத்திரி அது. டாக்டர் கிருஷ்ணப்பன் ஓசூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம். யுத்தத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துத் திரும்பியவர். அடிபட்டவனுக்கு இன்னொருவன் ரத்தத்தை ஏற்றிப் பிழைக்கவைக்கும் வித்தையை அங்கே கற்றிருந்தார். ரத்தம் உறையாமலிருக்க ஒரு உப்புத் தண்ணீரைக் கலந்து, தன் ரத்தத்தையும் ஆஸ்பத்திரி ஆட்கள் சிலருடைய ரத்தத்தையும் பாட்டில்களில் பிடித்து, மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்.

காயத்தைத் தைத்ததும் பெரிய பீறல் நின்றது. ஆனால் அர்ச்சுனனின் உதடு சாம்பலாக இருந்தது. நாடி விரலுக்கு அகப்படவில்லை. கையில் நரம்பெல்லாம் சுருங்கிப்போயிருந்ததால் டாக்டர் இடது கணுக்காலில் கீறி, நரம்பைத் திறந்து குழாயைச் செருகினார். குளிர்பெட்டியிலிருந்த பாட்டில்கள் ஒவ்வொன்றாக அந்த வழியே இறங்கின. சாயங்காலத்துக்குள் பெட்டி காலி. அர்ச்சுனன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான்.

மறுநாள் விடிந்தபோது தையல் போட்ட இடத்தில் துணி ஊறியிருந்தது. மாற்றினார்கள், அதுவும் ஊறியது. கணுக்கால் கீறலிலும் கசிந்தது. வாயைக் கொப்பளித்தால் ஈறிலிருந்து சிவப்பாக வந்தது. எங்கேயும் பீறவில்லை. எல்லா இடத்திலும் ஊறியது.

டாக்டர் மூன்று பேரையும் வெளியே கூப்பிட்டார்.

"பாட்டில் ரத்தம் உசுரப் புடிச்சு நிறுத்தும். ஆனா நாள்பட வச்சா அதுல ரத்தத்த உறைய வைக்கிற சத்து செத்துப்போகும். பால் இருக்கு, உறைமோர் இல்ல, அந்த மாதிரி. இவருக்குச் சொந்தமா இருந்த கொஞ்சநஞ்ச உறைமோரையும் நான் ஊத்தின பால் நீர்க்க அடிச்சிருச்சு. இப்ப ஒரு ஆளோட ரத்தம் சூடா, பிடிச்ச கையோட வேணும்."

மாரியப்பன் பார்வையைத் தரைக்கு இறக்கினான்.

"எனக்கே ஒடம்புல ரத்தம் இல்லீங்க டாக்டரே. போன மாசந்தான் காய்ச்சல்ல கெடந்து எழுந்தேன்" என்றவன், வண்டி பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனான். அன்றைக்கு அவன் திரும்பவில்லை.

பாஞ்சாலி கையை நீட்டினாள். டாக்டர் அவள் ரத்தத்துளியை அர்ச்சுனனுடையதோடு கண்ணாடித் தகட்டில் கலந்து பார்த்தார். ரவை ரவையாகத் திரண்டது. செல்லனுடையதைக் கலந்தார். அப்படியே நின்றது, ஒரே நிறமாக.

"இது சேரும்" என்றார்.

பாஞ்சாலி செல்லனின் காலில் விழுந்தாள். "எந்திரி தாயி, இதுக்கெல்லாமா" என்று அவன் கூச்சத்தோடு பின்வாங்கினான். பயம் இல்லாமல் இல்லை. மலையில் யாரும் இப்படிக் கேள்விப்பட்டதே கிடையாது. ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாட்டில் நிறைந்ததும் டாக்டர் அதை அவன் கையில் ஒரு கணம் கொடுத்தார். கறந்த பாலின் சூடு இருந்தது.

கணுக்கால் குழாய் அதற்குள் அடைத்துப்போயிருந்தது. அர்ச்சுனனின் கை நரம்புகள் இப்போது எழும்பியிருந்தன. அதனால் செல்லனின் ரத்தத்தை வலது கையில் ஏற்றினார். மறுநாள் இன்னொரு பாட்டில் எடுக்க டாக்டர் யோசித்தார்.

"உனக்குத் தலை சுத்தும் செல்லா."

"சுத்தட்டுங்க. மலையேறப் போறதில்லையே, இங்கதானே படுத்துக் கெடக்கப் போறேன்."

அன்று பொழுது சாய்வதற்குள் துணி நனைவது நின்றது. ஈறு வெளுத்துச் சுத்தமாயிற்று. அர்ச்சுனன் பக்கத்துப் பாயில் கிடந்த செல்லனைக் கைநீட்டித் தொட்டான்.

"செல்லா, மாரியப்பன் ஓடிட்டானாமே. இனிமே எனக்குக் கூடப்பொறந்தவன் நீதான்டா. இந்த ஒடம்புல ஓடறது உன்னோடது."

செல்லன் அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

ஒரு வாரம் போயிருக்கும். அர்ச்சுனனின் இடது கால் வீங்கத் தொடங்கியது. கணுக்காலில் ஆரம்பித்துத் தொடைவரை ஏறி, தோல் பளபளத்தது. நரம்புக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்றார் டாக்டர்.

செல்லனுக்குக் குழப்பமாக இருந்தது. "ஒறையலன்னுதானே எங்கிட்ட வாங்கினீங்க? இப்ப ஒறைஞ்சு போச்சுன்னு சொல்றீங்க. எஞ்ஞ ரத்தம் ஒத்துக்கலையா?"

"இல்லப்பா. நரம்போட உள்பக்கம் வாழமட்டை உள்பக்கம் மாதிரி, வழுவழுன்னு இருக்கும். அது வழுவழுப்பா இருக்கிற மட்டும் ரத்தம் ஓடும். சொரசொரத்தா ஒட்டிக்கும், கட்டிக்கும். அந்தக் கால்ல நான் கீறினேன், குழாய் சொருகினேன். அத்தோட, நாள்பட்ட பாட்டில் ரத்தமே உள்பக்கத்தக் கெடுக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நிச்சயமாத் தெரியாது, புஸ்தகத்துலயும் தெளிவா இல்ல." அர்ச்சுனனின் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "உன்னோடது இதுல ஏறுச்சு. பாரு, ஒரு தடிப்பு உண்டா?"

பாஞ்சாலி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அர்ச்சுனனும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

உயிர் நின்றது. ஆனால் கால் பழைய காலாக இல்லை. தடித்து, கனத்து, நடந்தால் இழுத்துக்கொண்டு வந்தது. அந்தக் காலோடு அவன் இண்டூர் திரும்பினான்.

அந்தச் சித்திரையில் மாடுகள் மலைக்கு வரவில்லை. கால் முடியாதவன் எப்படி ஓட்டி வருவான் என்று செல்லன் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். பலாப்பழம் பழுத்ததும் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். அர்ச்சுனன் வீட்டில்தான் இருந்தான். இருமல் சத்தம் கேட்டது. பாஞ்சாலி கொட்டகையில் இலை போட்டாள். செல்லன் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தான்.

"அண்ணன் வரலையா?"

"கால் நோவுதுங்க அண்ணா. உள்ளயே சாப்புட்டுட்டாரு." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் கிணற்றடியில் ஒருவன் அவனை நிறுத்தி, "நீதானா ரத்தம் குடுத்த மலைக்காரன்? உன் ரத்தம் ஒத்துக்காமத்தான் அந்தாளு கால் யானைக்கால் ஆயிருச்சாமே? மாரியப்பன் சொல்றான்" என்றான். செல்லன், தன்னுடையது கையில் ஏறியது, காலில் ஏறியது ஆஸ்பத்திரி பாட்டில் என்று சொன்னான். அந்த ஆள் சிரித்தான். கையென்ன, காலென்ன, எல்லாம் ஒரே உடம்புதானே என்றான். அர்ச்சுனனுக்குத் தெரியும், அவன் வாய் திறந்தால் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டே செல்லன் மலையேறினான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள். மலைப்பாதையில் கோலை ஊன்றி, காலை இழுத்து, பாறைக்குப் பாறை உட்கார்ந்து எழுந்து ஒருவன் வருவதைக் கருப்பிதான் முதலில் பார்த்தாள். செல்லன் கையிலிருந்த களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினான். கடைசி ஏற்றத்தில் அர்ச்சுனனை முதுகில் சுமந்து வந்தான். கருப்பி சேவலைப் பிடித்து அறுத்தாள். பழையபடி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அர்ச்சுனன் சாப்பிட்டான். செல்லனுக்கு மனம் நிறைந்திருந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு தன்னைப் பார்க்க ஏறி வந்திருக்கிறானே!

கை கழுவிய பிறகு அர்ச்சுனன் சொன்னான். "எம் பொண்ணு சென்னம்மாளுக்கு எடம் வந்திருக்கு. பாலக்கோட்டுப் பக்கம். மாப்பிள்ளையோட அப்பா பேரு பெரியண்ணன், பெரிய குடும்பம்."

"நல்லதுதானே ண்ணா. கைக்கொழந்தையா தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன், அதுக்குள்ள கல்யாணமா!"

"அவங்க காதுக்கு விஷயம் போயிருக்கு. மலைக்காரன் ரத்தம் ஓடற ஒடம்பு, அவன் வூட்டுல பொண்ணு எடுக்கறதான்னு தயங்கறாங்க." அர்ச்சுனன் கோலால் தரையைக் கீறினான். "நீ ஒருக்கா கீழ வந்து, நான் குடுக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிரும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. குடுத்தவனே இல்லைன்னு சொல்லிட்டா அப்புறம் பேச்சு ஏது?"

கருப்பி எழுந்துவிட்டாள். "செய்யாதத செஞ்சதாச் சொல்லச் சொல்லி வர்றவங்க உண்டு. செஞ்சத செய்யலைன்னு சொல்லச் சொல்லி ஏறி வந்திருக்கீங்களே, இந்த வாயாலதான இப்ப எஞ்ஞ சோத்தத் தின்னீங்க?"

"சும்மா இரு" என்றான் செல்லன். பிறகு, "பொண்ணுக்காக வரேன் ண்ணா" என்றான். "ஆனா உன் காலு என்னால போச்சுன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அது எனக்குத் தாங்கல."

"யாருடா சொல்றது? சொன்னா நான் வுட்டுருவேனா?" அர்ச்சுனன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

குறித்த நாளில் செல்லன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு இறங்கினான். அர்ச்சுனன் வீட்டு வாசலில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரியண்ணன், நரைத்த மீசை, நிதானமான பேச்சு. மாரியப்பனும் இருந்தான். செல்லன் பாய்க்கு இப்பால் நின்றான்.

"ஏம்பா, நீதான் இவருக்கு ரத்தம் குடுத்தியா?" என்று பெரியண்ணன் கேட்டார்.

"இல்லீங்க. கூடப் போனேன். தொணைக்கு இருந்தேன். அவ்ளோதானுங்க."

"சாமி மேல சத்தியமாச் சொல்லுவியா?"

செல்லன் அர்ச்சுனனைப் பார்த்தான். அர்ச்சுனன் லேசாகத் தலையாட்டினான். "சத்தியமாங்க" என்றான் செல்லன்.

முடிந்தது என்று அவன் நினைத்தான். ஆனால் பெரியண்ணன் விடுகிற ஆள் இல்லை. "சரி. ஒண்ணுமே இல்லாமலா ஊரு முழுக்க இப்படி ஒரு பேச்சு எழும்பும்? யாரு கெளப்பினது?"

மாரியப்பன் தொண்டையைச் செருமினான். அப்போது அர்ச்சுனன் வாயைத் திறந்தான்.

"இவனேதாங்க."

செல்லன் தன் காதை நம்பவில்லை.

"பழகறானேன்னு எடம் குடுத்தேன். கொட்டகையில சோறு போடறோம்னு இவனுக்கு மனத்தாங்கல். வூட்டுக்குள்ள வந்து சரிசமமா உக்காரணும்னு ஆச. அதான், நான் மயங்கிக் கெடந்த நேரம் பார்த்து, என் ரத்தந்தான் அவன் ஒடம்புல ஓடுதுன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். இப்ப உங்க முன்னாடி நிக்க வச்சதும் உண்மை வந்திருச்சு, பார்த்தீங்களா."

"ஏதோ பச்சிலைய வேற காயத்துல வச்சுக் கட்டினான். அதுலதான் காலும் போச்சு" என்று மாரியப்பன் சேர்த்துக்கொண்டான். அர்ச்சுனன் அதை மறுக்கவில்லை.

செல்லன் வாயைத் திறந்தான். என்ன சொல்வது? கொடுத்தேன் என்றால், இப்போதுதான் சாமி மேல் சத்தியம் வைத்துக் கொடுக்கவில்லை என்றவன். பொய்யன் என்று சொன்னவர்களுக்குத் தானே சாட்சி சொன்னமாதிரி ஆகிவிட்டது. வாசற்படியில் பாஞ்சாலி மோர்ச்செம்போடு நின்றிருந்தாள். அவள் கண்ணைத் தேடினான். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். பாஞ்சாலி அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு செம்போடு உள்ளே போய்விட்டாள்.

"இன்னும் என்னடா நிக்கற? இனிமே இந்த வாசப்பக்கம் காலெடுத்து வைக்காத" என்றான் மாரியப்பன்.

"நான் வரேனுங்க, கவுண்டரே" என்றான் செல்லன், அர்ச்சுனனிடம். இத்தனை வருஷத்தில் அவனை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருந்தான். அர்ச்சுனன் தன் தடித்த காலைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தான்.

ஏரிக்கரையில் பின்னாலிருந்து பாஞ்சாலி ஓடி வந்தாள். முந்தானைக்குள் ஒரு சோற்று மூட்டை.

"அண்ணா, மனசுல வச்சுக்காதீங்க. பொண்ணு வாழ்க்க. அவரு இப்படிச் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் வாயத் தொறந்திருந்தா எல்லாமே கெட்டுப் போயிருக்கும்."

"நீ பேசணும்னு நான் நெனைக்கல தாயி" என்றான் செல்லன். "உள்ள போகாம அங்கயே நின்னிருந்தா, அது போதும் எனக்கு."

அவள் நீட்டிய மூட்டையை அவன் வாங்கவில்லை.

அவன் முகத்தைப் பார்த்ததுமே கருப்பிக்குத் தெரிந்துவிட்டது. பல நாள் அவன் கொல்லைக்காட்டுக்குப் போவான், கொத்தை ஊன்றிக்கொண்டு நிற்பான், திரும்பி வருவான். காசோ நிலமோ பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தன் வாயாலேயே தன்னைப் பொய்யனாக்கிக்கொள்ள, தன் அன்பையே கயிறாகத் திரித்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். அதைத்தான் அவனால் செரிக்க முடியவில்லை. மலையேறி வந்தபோதே அர்ச்சுனன் இதை நினைத்திருந்தானா, அல்லது அந்தக் கேள்வி வந்த நிமிஷத்தில் பயந்து சொன்னானா? கோழிக்குழம்பைத் தின்றபோது அவன் மனதில் என்ன இருந்தது? இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டான். எந்தப் பதிலும் அவனுக்கு ஆறுதலாக இல்லை.

சென்னம்மாளின் கல்யாணம் தையில் நடந்தது. புளி வாங்க வந்த வியாபாரி சொல்லித்தான் தெரிந்தது. செல்லன் இண்டூர்ப் பக்கம் இறங்குவதை விட்டுவிட்டான். வேறு பாதையில் சுற்றிக்கொண்டு தர்மபுரிச் சந்தைக்கே சரக்கைக் கொண்டுபோனான்.

அப்படி ஒரு சந்தை நாளில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு டாக்டர் கிருஷ்ணப்பன் வேகமாக வந்தார்.

"செல்லா, நல்ல வேளை! மலைக்காரங்க கடை போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சு உன்னத் தேடித்தான் வந்தேன். ஒரு பொம்பளைக்குப் பிரசவத்துல ரத்தம் போயிருச்சு. இருந்த பாட்டில் எல்லாம் ஏத்திட்டேன். இப்ப உறையாம கசியுது. உன் ரத்தம் யாருக்கும் சேர்ற வகை. வா."

செல்லன் தராசைக் கீழே வைத்தான். "நான் யாருக்கும் ரத்தம் குடுத்ததில்லீங்க."

"என்னப்பா சொல்ற?"

"சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கேன். எட்டுப் பேரு முன்னால. கேட்டுப் பாருங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. செல்லன் நாலே வார்த்தையில் சொன்னான். அவர் முகம் கறுத்தது. "நான் இண்டூர் வரேன். எனக்குத் தெரியாதா? எந்தக் கையில ஏறுச்சு, எந்தக் கால்ல கட்டுச்சுன்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"பேடாங்க, வேணாம்" என்றான் செல்லன், அவருடைய பாஷையையும் கலந்து. "அந்தப் பொண்ணு அங்க வாழப் போயிருக்கு. வுடுங்க."

டாக்டர் நின்றார். வற்புறுத்தவில்லை. ஆனால் போகவும் இல்லை. வெயிலில் அவர் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. விளிம்பில் காய்ந்த ரத்தம் இருந்தது. செல்லன் அதைப் பார்த்தான். புளிக்கூடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைக்கப் போனவன், என்ன நினைத்தானோ, தலையிலேயே தூக்கிக்கொண்டான்.

"அது யாரு, எந்த ஊருன்னு எங்கிட்டச் சொல்லக் கூடாது. எம் பேரும் அவங்களுக்குத் தெரியக் கூடாது. பின்பக்கமா கூட்டிக்கிட்டுப் போங்க."

அப்படியே நடந்தது. சமையற்கட்டுப் பக்கத்துக் கதவு வழியாக நுழைந்து, ஒரு சின்ன அறையில் படுத்து, கையை நீட்டினான். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பாட்டில் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை எடுத்துக்கொண்டு டாக்டர் போனார். அங்கே கொடுத்த பாலைக் குடித்துவிட்டுச் செல்லன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டாக்டர் மறுபடி எட்டிப்பார்த்தபோது, "நின்னுதா?" என்று மட்டும் கேட்டான்.

"கொறையுது. நின்னுரும்."

செல்லன் தலையாட்டிவிட்டு எழுந்தான். வந்த கதவு வழியாகவே வெளியேறி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். அங்கே மரத்தடியில் ஒரு இளம் விவசாயி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அழுது கண் சிவந்திருந்தது. பிரசவக்காரியின் புருஷனாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏனுங்க, உங்களவங்க யாராச்சும் உள்ள இருக்காங்களா?" என்று அவன் கேட்டான். யாரோடாவது பேச வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த குரல்.

"இல்லப்பா. புளி விக்க வந்தேன்."

"ஆஸ்பத்திரியில யாருங்க புளி வாங்கறாங்க?"

"யாரும் வாங்கல" என்று சொல்லிவிட்டு, செல்லன் கூடையைத் தலையில் சரிப்படுத்திக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தான்.